அத்தை போன சீனப் பொருட்காட்சி

பாச்சை உருண்டை வாசம் எங்கே வந்தாலும் எனக்குப் பல்லடத்திலிருந்து கோயமுத்தூர் போன ஒரு பேருந்தும், அதன் ஜன்னலோரத்தில், பெட்டியின் அடியிலிருந்து எடுத்த கல்யாணப் பட்டை உடுத்தி, மடியில் மஞ்சள் பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் அத்தையும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பில் இருந்த சமயம்.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருஷமே மாமா பட்டாளத்தோடு சீனப் போருக்குப் போனார். "காணவில்லை" என்று ஒரு தந்தி வந்தது, அதன்பிறகு உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட அத்தை, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். பொட்டையும் தாலியையும் மட்டும் எடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விசேஷ வீடுகளில் பந்திக்குக் கூப்பிடுவார்கள், தாம்பூலத் தட்டைத் தொட விடமாட்டார்கள்.

பேப்பரில் வந்த விளம்பரத்தை அத்தைக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். கோயமுத்தூர் அருங்காட்சியகத்தில் சீனக் கலைப் பொருட்காட்சி என்று போட்டிருந்தது. எங்களுக்குப் "பொருட்காட்சி" என்றால் கோடை விடுமுறையில் ராட்டினமும் டெல்லி அப்பளமுமாக நடப்பது. அங்கே காஷ்மீர்க் கடையில் காஷ்மீர்க்காரரே நின்று சால்வை விற்பார். "அப்ப சைனாக் கடைல சைனாக்காரங்களே இருப்பாங்களா கண்ணு?" என்று அத்தை கேட்டாள். பெரிய மேதாவிபோல, "பின்னே, அவிங்கதான் இருப்பாங்க அத்தை" என்றேன். அந்த ஒரு பேச்சுக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"ஏனுங்க்கா, பொருட்காட்சிக்கு எதுக்குக் கலியாணப் பட்டு?" என்று அப்பா கிண்டல் செய்தார். அத்தை சிரிக்கவில்லை.

உள்ளே ராட்டினமும் இல்லை, கடையும் இல்லை. மங்கலான கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நீலப் பூப்போட்ட பீங்கான் ஜாடிகள். சுவரில் மலைகளை வரைந்த நீளநீளமான பட்டுச் சுருள்கள். ஜாடியில் எத்தனை படி மாங்காய் பிடிக்கும் என்று அம்மா யோசித்தாள். அத்தை ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு கூடம் கூடமாகப் போனாள். ஒரு மலைப் படத்தின் முன் மட்டும் நின்று, "இத்தன பனியா" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் வெளியே போய்விட்டார்கள். கடைசிக் கூடத்தின் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார், எங்கள் பக்கத்து ஆள்தான். அத்தை பையிலிருந்து மாமாவின் படத்தை எடுத்தாள். பட்டாளத்து உடுப்பில் எடுத்தது. வீட்டில் இருந்த ஒரே படம். "ஏனுங்க, சைனாக்காரங்க எப்ப வருவாங்க? இவரை எங்கியாச்சும் பாத்திருக்காங்களான்னு கேக்கோணும்."

அவருக்கு என்ன புரிந்ததோ. வயதான ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. "ஆகட்டுங்கம்மா, குடுத்துட்டுப் போங்க, வந்தாச் சொல்லிப்போடறனுங்க" என்று படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சைனாக்காரர் யாரும் வரப்போவதில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பேச்சு பொய்யாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து அத்தை, "தம்பி, சைனாவிலிருந்து பதிலு வந்துச்சா?" என்று கேட்டபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அடித்துப் பிடித்து ஓடினார். பொருட்காட்சி வேறு ஊருக்குப் போயிருந்தது. காவலாளி அந்த நாட்களுக்கு மட்டும் வந்தவராம், பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அத்தையோ கடைசிவரை, தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பாள். "ஆகட்டும்னு சொன்னாருல்ல" என்பாள்.

அத்தை பொட்டோடும் தாலியோடும்தான் போய்ச் சேர்ந்தாள். போன மாதம் என் மகளோடு அந்தக் கூடத்துக்குப் போனேன். இப்போது அங்கே வேறு ஏதோ கண்காட்சி. அத்தையின் கதையைச் சொன்னேன். "அந்த மாமா எப்படிம்மா இருப்பாரு, மீசை வெச்சிருந்தாரா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். எனக்கு நினைவில்லை.