பொனிபாஸின் படியேற்றம்

புலம்பெயர்ந்து வந்து ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கும் பொனிபாஸுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பூசையில்கூட முழங்கால் ஆடிக்கொண்டேயிருக்கும். 2006இல் நேபாளத்துக் கஞ்சன்ஜங்கா காப்பகத்தில் மலையேறப் போவதென்று முடிவெடுத்தவர், முதுகில் இருபது கிலோ உருளைக்கிழங்கைச் சுமந்தபடி நேர்த்தி வைத்தவர்கள் ஏறும் சூசையப்பர் கோயிலின் நெடும்படிகளில் தினமும் காலையில் ஏறி இறங்கிப் பழகினார்.

பங்குச் சனம் அதை நேர்த்திக்கடன் என்றே நம்பிவிட்டது. ஏதோ பொல்லாத வருத்தமாம், தீராத நோயாம் என்று அவருக்காகச் செபமாலை சொன்னார்கள், வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தார்கள். அவர் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது கையைப் பிடித்து அழுதார்கள்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு, மனைவி மெற்றில்டாவிடம் பங்குச் சுவாமியாரே கேட்டார்: “இவருக்கு என்ன வருத்தம், பிள்ளை?”

மெற்றில்டா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்னோடை வீட்டிலை இருக்க ஏலாத வருத்தம், சுவாமி. பதினெட்டு வருசமா மாறேல்லை.”