சுக்கானிலிருந்து கையை எடுத்த நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, பௌலுக்கு ஊட்டிவிடக்கூடாது என்றார். ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில் ஒரு முதியோர் இல்லம் அது. பாரிசவாதத்தால் பௌலுக்கு இடக்கை வழங்காது. வலக்கை கொஞ்சம் நடுங்கும். இயலுமானதை அவரே செய்யவேண்டும், அதுதான் இங்கத்தைய முறை. நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரம் ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன். வயதுபோன மனுசன் கரண்டியோடு அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆட்களுக்கு வராது.

பௌலிடம் நீளமாய், ஒடுங்கலாய் ஒரு பழைய படகு இருந்தது. அதை விற்றாயிற்று; அடுத்த நாள் புது ஆட்கள் எடுக்க வருவார்கள். கடைசியாக ஒருக்கால் தன் கையால் ஓட்டவேண்டும் என்று கேட்டார். அவரும் மகள் லோனெயும் நானும் படகு கட்டியிருந்த சில்கபோர்க்குக்குப் போனோம்.

லோனெ மோட்டரைப் போட்டுவிட்டு முன்னால் போய் இருந்தாள். ஆற்றில் அவ்வளவு ஆறுதலாகப் போனோம், வாத்துக்குஞ்சுகளே எங்களை முந்தின. அப்படியிருந்தும் பௌலின் லைஃப் ஜாக்கெட்டை மூன்று தரம் இறுக்கினேன். ஒரு வளைவில், சுக்கானைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. அவ்வளவுதான்.

"விடுங்கோ ஐயா, நான் பிடிக்கிறன்" என்று தமிழிலேயே கத்திச் சுக்கானைப் பறித்தேன்.

வலப்பக்கம் போக வலப்பக்கமே தள்ளினேன். படகு இடப்பக்கம் திரும்பி நாணலுக்குள் போய்ச் செருகியது. சுக்கானை எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும் என்று எனக்கென்ன தெரியும்!

லோனெ சிரித்தாள். பௌல் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலக்கையைப் பார்த்தபடி, டேனிஷில் மெதுவாகச் சொன்னார்: "கமலா, இந்தக் கை இன்னும் சாகேல்லை."

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். லோனெ கழியால் ஊன்றிப் படகை வெளியே எடுத்ததும், அவர் கையைச் சுக்கானில் வைத்துவிட்டு என் கையை எடுத்தேன். எடுப்பதுதான் பெரும்பாடு. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் இருந்துகொண்டேன். துறை வரைக்கும் பௌல்தான் ஓட்டினார். கரையில் முட்டாமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தூக்க, துடைக்க எல்லாம் கெதியாகப் பழகிவிடுவீர்கள்; கையை எடுக்கத்தான் நாள் எடுக்கும்.

படகு ஓட்டிய அன்று பின்னேரம் இல்லத்தில் சூப் வந்தது. பௌல் பாதியைச் சட்டையில் ஊற்றி, மீதியைத் தானே குடித்து முடித்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், என் கைகளின் மேல்.