பாதிக் கிரிவலம்

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம், எங்களுக்கு ஒரு மேசை போடுவார்கள். பெண்களுக்கான அரசு உதவி மையத்தில் ஆலோசகர் வேலை எனக்கு. தலைக்கு மேலே ‘வன்முறையில்லா இல்லம்’ என்று பேனர். உதவி எண் அச்சடித்த நோட்டீசை நடப்பவர்கள் கையில் திணிப்பதுதான் அன்றைக்கு வேலை. கொஞ்சம் தள்ளிப் போய் அதையே விரித்து உட்கார்ந்து சுண்டல் தின்பார்கள். சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, உறுதிமொழி கூட இருக்கிறது. எனக்கு அலுப்புதான் மிச்சம்.

போன பௌர்ணமி சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புருஷனோடு வந்தாள். முன்பு ஒடிந்த கையோடு மையத்துக்கு ஓடிவந்தவள். குழந்தையைப் புருஷன் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போடுவதில் உறுதியாக இருந்தவள், “ஜோடியா ஒரு கிரிவலம் சுத்தினு வாங்க, எல்லாம் சரியாப்பூடும்” என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் சட்டென்று ஒப்புக்கொண்டாள். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இப்போது அவன் தோளில் குழந்தை. “மேடம், நாங்க சேர்ந்துட்டோம்” என்றான், பரீட்சையில் பாஸானவன் மாதிரி. எங்கள் அதிகாரிக்கு வாயெல்லாம் பல். பேனருக்குக் கீழே நிறுத்தி, “கொழந்தைய அம்மா கையில குடுங்க, அப்பத்தான் நல்லாருக்கும்” என்று சொல்லிப் படம் எடுத்து, அங்கேயே வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் எடுத்ததும் அவள் குழந்தையோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க போங்க. நாங்க வர்ல.”

“பாதியில வுட்டா பாவம்டி” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்.”

அவன் கை நீண்டது. எதிரே போலீஸ் நிற்பதைப் பார்த்ததும் இறங்கியது. அந்தப் பெண் காவலருக்கு விஷயம் எதுவும் தெரியாது. மத்தியானத்திலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததையே அவனிடமும் சொன்னார்: “நிக்காதீங்க, நடங்க, நடங்க.” பின்னால் வந்த கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போனது.

மையத்து வண்டிக்குப் போன் செய்தேன். பௌர்ணமிக்குப் பாதைக்குள் வண்டி வராது என்றார்கள். அவன் போன பக்கம் போக முடியாதென்று மூவரும் கூட்டத்துக்கு எதிராகவே நடந்தோம். “சாமிய எதிர்ப்பக்கமா சுத்தலாமா?” என்று வருகிறவர்களெல்லாம் திட்டினார்கள்.

“ஏம்மா அன்னிக்கு ஊர்ப் பெரியவங்க சொன்னதுக்கு ஒத்துக்கினே?” என்று கேட்டேன்.

குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “கேசு போட்டா புள்ள எப்ப கைக்கு வரும்னு கேட்டேன், நீங்க பதில் சொல்லல மேடம். சாமி பேரச் சொன்னா எம் புருஷனே புள்ளயத் தூக்கினு வருவாருன்னு தெரியும்.”