தாய்மாமனுக்கு மட்டும் இரண்டு மூக்கு

மிஷினுக்கும் மனசு உண்டு என்று என் கணவர் சொல்வார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. மனசு இருக்கிற ஜென்மம், முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பார்த்துப் படுத்துக்கொள்ளுமா?

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை. பத்தடி அகலத்துக்கு பேனர் அடிக்கிற பிரிண்டர் ஒன்று, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். டிசைன் செய்து அச்சடிப்பது நான். வெளியில் போய் போர்டு மாட்டுவது அவர். மிஷினைக் கும்பிடுவதும் அவர் இலாகாதான். வெள்ளிக்கிழமை ஆனால் குளித்துவிட்டு வந்து அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஊதுபத்தி காட்டுவார். மை சிந்தி நாறிக் கிடக்கும் மிஷினைத் துடைப்பது என் இலாகா. துடைக்கும்போது பொட்டும் சேர்ந்து போய்விடும். "லட்சுமியைத் துடைச்சிட்டியே" என்று அவர் ஆரம்பிப்பார். வாரம் தவறாமல் இதற்கு ஒரு சண்டை உண்டு.

அன்று சனிக்கிழமை. அவர் காலையிலேயே காட்டாங்குளத்தூரில் ஒரு ஓட்டலுக்கு போர்டு மாட்டப் போய்விட்டார். ஸ்டூலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குன்றத்தூர்ப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம், சேலையூரில் வாழ்க்கைப்பட்டவள். மறுநாள் காலை அவள் பையனுக்குக் காதுகுத்து. பேனர் இருந்தால்தான் இங்கிருந்து எழுந்திருப்பேன் என்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

காரணம் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன், அதாவது இவளுடைய கூடப்பிறந்த ஒரே அண்ணன், இவளோடு பேசுவதில்லை. இவர்கள் புது வீடு குடிபோனபோது பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போயிற்று. அச்சடித்தவன் தப்பு என்று இவள் சொல்ல, உன் புருஷன் வீட்டுத் திமிர் என்று அவர் சொல்ல, அன்றோடு சரி. இப்போது இவள் புருஷன் தாம்பூலத் தட்டோடு போய் அழைத்ததற்கு "பாக்கலாம்" என்று ஒரே வார்த்தை.

"பாக்கலாம்னா இன்னாக்கா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

"அதாங்க்கா, இந்த வாட்டி எல்லார விடவும் பெருசா எங்கண்ணன் போட்டோவ போட்டு சாயந்தரமே மண்டபத்து வாசல்ல நிக்க வெச்சிடணும். யாராச்சும் போட்டோ எடுத்து அனுப்புவாங்க. பாத்துச்சுன்னா மனசு எளகி வந்துரும். அது வரலன்னா எம்புள்ளைய யாரு மடியில குந்த வெக்கிறது, நீயே சொல்லு?"

டிசைனும் அப்படித்தான் போட்டிருந்தேன். இடப்பக்கம் அவள் புகுந்த வீட்டு ஆட்கள் வரிசையாக. நடுவில் கிரீடம் வைத்த பையன். வலப்பக்கம் முழுக்க, மீசையும் மஞ்சள் சட்டையுமாகத் தாய்மாமன்.

பிரிண்டைத் தட்டிவிட்டேன். அவள் மாமனாரும் மற்றவர்களும் லட்சணமாக வந்தார்கள். பையன் வந்தான். தாய்மாமனுக்கு நெற்றி வரைக்கும் கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு கோடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு மூக்கு இங்கே, ஒரு மூக்கு அங்கே. மீசை காதுக்குப் போய்விட்டது.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "அய்யய்யோ! இன்னாக்கா இது? எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் இப்டி? அதுக்கு வர இஷ்டமில்ல போலக்கீது."

"மிஷினுக்கு உங்க அண்ணனையும் தெரியாது, ஆட்டுக்குட்டியையும் தெரியாது. உக்காருங்க" என்றேன். கொஞ்சம் காட்டமாகத்தான் சொன்னேன்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். மிஷினைப் பார்க்காமல், சத்தத்தைக் கூடக் கேட்காமல், "ஹெட்டு போச்சு மேடம், புதுசு மாத்தணும், திங்கக்கிழமை வரேன்" என்றார். திங்கட்கிழமை வந்து என் தலையையா மாற்றப் போகிறார்? தெரிந்த கடைகளைக் கேட்டேன். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் அன்று ஒரு மிஷினும் சும்மா இல்லை. கணவரைக் கூப்பிட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?" என்றார். இந்த மனுஷன் வைகுண்டம் போனால் அங்கேயும் இதைத்தான் கேட்பார்.

சரி, நாமே இறங்குவோம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். போனில் ஒரு வடநாட்டுக்காரர் இந்தியில் பிரிண்டரைப் பிரித்துக் காட்டும் வீடியோவை ஓடவிட்டேன். எனக்கு இந்தி தெரியாது. அவர் ஸ்க்ரூ கழற்றினால் நானும் கழற்றினேன், அவர் துடைத்தால் நானும் துடைத்தேன், அவர் நடுவில் டீ குடித்தார், அதை மட்டும் விட்டுவிட்டேன். மை தெளிக்கிற அந்த ஹெட்டைக் கழுவினேன், மைக் குழாய்களைப் பிடுங்கி மாட்டினேன். முழங்கை வரை நீலமும் சிவப்புமாக ஆனதுதான் மிச்சம். மறுபடி அடித்தால் மறுபடி இரண்டு மூக்கு.

ஆத்திரத்தில் ஒரு யோசனை வந்தது. அண்ணனைத் தூக்கி இடப்பக்கம் போட்டேன், அவள் கொழுந்தனை வலப்பக்கம் தள்ளினேன். ஒரு துண்டு அடித்துப் பார்த்தேன். அண்ணன் ராஜா மாதிரி வந்தார். கொழுந்தனுக்கு இரண்டு மூக்கு.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். "இது நல்லாத்தான் கீதுக்கா" என்றாள். உடனே முகம் மாறிவிட்டது. "ஐயோ வேணாம். எங்க மாமியார் பாத்தா புள்ளையோட சேத்து என்னையும் வூட்ட வுட்டு அனுப்பிச்சிடும்."

ஆனால் ஒன்று விளங்கியது. கோளாறு ஆளில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஹெட் இடமிருந்து வலம் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டினால்தான் புத்தி தடுமாறுகிறது. அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். இருட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

இதற்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். "இப்டி வருது, இன்னா பண்றது?" என்று அந்த இரண்டு மூக்குப் படத்தைப் புருஷனுக்கு அனுப்பியிருந்தாள். அந்த மகானுபாவன் யோசனை கேட்கிறேன் என்று அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிட்டான். குரூப்பில் அண்ணனும் இருக்கிறார்.

அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டாள். இத்தனை காலம் கழித்து அண்ணனின் முதல் போன். எனக்கே கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் கத்தினார்.

"அன்னிக்குப் பேர வுட்டீங்க. இன்னிக்கு மூஞ்சியக் கிழிச்சி ஊருக்கே காட்றீங்களா? எந்தக் கடை அது? தோ வரேன்!"

கடை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். "போச்சுக்கா" என்றாள். "வந்துகினு கீது. இனிமே மண்டபத்துக்கு எங்க வரப்போவுது?" சத்தமே வராமல் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அழுகையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். "அழுறதை நிறுத்திட்டு இந்த மூடியைத் தூக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தாள்.

புல்லட் சத்தம் வாசலில் வந்து நின்றது. மஞ்சள் சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை, மற்றபடி டிசைனில் இருந்த அதே ஆள். உள்ளே வந்ததும் என்னையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தன் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள், ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

நான் மிஷினுக்குள் விட்ட தலையை வெளியே எடுத்தேன். "சார், கத்துறதுன்னா வெளிய போய் கத்துங்க. உள்ள இருக்கணும்னா போன் டார்ச்சைப் போட்டு இங்க பிடிங்க. உங்க மூக்குக்காகத்தான் காலையிலிருந்து நாங்க ரெண்டு பேரும் சோறு தண்ணி இல்லாம கிடக்கிறோம்."

மனுஷன் ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் மூடியைத் தூக்கிப் பிடித்து நின்ற தங்கையின் கையைப் பார்த்தார். டார்ச்சைப் போட்டுக் குனிந்தார்.

ஹெட் ஓடுகிற பாதைக்குப் பின்னால் மிஷின் நீளத்துக்கும் கண்ணாடி போல ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதில் பொடிப்பொடியாகக் கோடுகள். அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டுதான் ஹெட் ஓடும். எண்ணிக்கை தப்பினால் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. டார்ச் வெளிச்சம் அந்தப் பட்டையில் நகர்ந்து ஒரு இடத்தில் நின்றது.

"இன்னாம்மா இது, சந்தனப் பொட்டு?" என்றார் அண்ணன்.

சந்தனம், நடுவில் குங்குமம். வட்டமாக, அழகாக, கோடுகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணவருக்கு போன் போட்டேன்.

"நேத்து மிஷினுக்கு எங்கெங்க பொட்டு வெச்சீங்க?"

"நீதான் வெளிய வெச்சா தொடச்சிடறியே" என்றார், ஏதோ கெட்டிக்காரத்தனம் பண்ணின குரலில். "அதான் உன் கை படாத எடமா பாத்து உள்ள வெச்சேன்."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அண்ணன் கூட ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மை துடைக்கிற தின்னர் பட்டால் அந்தக் கோடுகளே அழிந்துவிடும். மெத்தென்ற துணி வேண்டும். என் புடவை முழுக்க மை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸ் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார். அதை லேசாகத் தண்ணீரில் நனைத்து, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன்.

படங்களைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டு பிரிண்டைத் தட்டினேன். மூன்று பேரும் நின்று பார்த்தோம். மாமனார் வந்தார், கொழுந்தன் ஒரே மூக்கோடு வந்தான், கிரீடத்தோடு பையன் வந்தான். தாய்மாமன் நெற்றி, கண், மூக்கு, மீசை என்று கொஞ்சம்கூடப் பிசகாமல் இறங்கினார். எனக்கு விசிலடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

அவள் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேனரில் இருந்ததை அல்ல. அவர் பேனரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் கீறாங்க. நீ எங்க?" என்றார்.

"எனக்கு எடம் பத்தல. ஒன்னப் பெருசா போட்டதுல…"

"என்னிய சின்னதாக்கிட்டு இவளப் போடும்மா" என்றார் என்னிடம்.

"சார், முழுசா மறுபடி அடிக்கணும். நேரமாகும்" என்றேன்.

"ஆவட்டும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள், வேண்டாண்ணா, உன் மூஞ்சி பெருசா இருந்தாத்தான் எனக்குத் திருப்தி என்று என்னவோ சொல்ல வந்தாள். அவர் விடவில்லை.

"என் மூஞ்சிய நான் டெய்லி கண்ணாடில பாக்கறேன். உன் மூஞ்சிய எங்க போய்ப் பாக்குறது?"

 அவளைச் சுவர் ஓரமாக நிற்க வைத்து என் போனிலேயே படம் எடுத்தேன். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது, கன்னத்தில் என் கை மை வேறு. முகம் கழுவிட்டு வாங்க, நல்லதா ஒண்ணு எடுக்கலாம் என்றேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் அண்ணன்.