பச்சை நூல் போட்ட துணி

பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்த துணி. ஓரத்தில் பச்சை நூலால் ஒரு பெருக்கல் குறி. மில்லின் தொட்டில் ரூமில் எல்லாக் குழந்தைகளின் துணிகளும் ஒரே கொடியில் காயும் என்பதால் ஒவ்வொரு தாயும் ஒரு நிறத்தில் நூல் போட வேண்டும். எனக்குப் பச்சை. காலையில் வாசலில் நிற்கும் ஆயாம்மா, குழந்தையை வாங்குவதற்கு முன் அந்தத் துணியை விலக்கிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். வயிற்றுப்போக்கு இருந்தால் குழந்தை உள்ளே போகக் கூடாது என்பது மில்லின் சட்டம். குழந்தை உள்ளே போனால்தான் நான் நூல் சுற்றும் ரீலிங் மிஷினுக்குப் போக முடியும்.

ஆயாம்மா என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வாய் மட்டும் பெரிது. எங்களுக்குப் பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார். நான் யாரிடமும் பேச மாட்டேன் என்பதால் எனக்கு 'ஊமைச்சி'. அப்போது நான் பதிலி, அதாவது நிரந்தர ஆள் வராத அன்று அந்த இடத்தில் நிற்பவள். கூப்பிட்ட நாளில் வராமல் இருந்தால் வேலை டிக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். வில்லாபுரத்தில் ஒற்றை அறையில் நானும் மகனும்தான்.

காய்ச்சலில் விழுந்து எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் இனி வயிறு நிறையச் சாப்பிட்டால் அழாமல் கிடப்பான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன். நன்றாகக் குடித்தானே என்று மறுநாள் இட்லி, அதற்கு மறுநாள் வாழைப்பழம், பருப்புச் சோறு. அந்த வாரம் முடிவதற்குள் துணி துணியாகப் போக ஆரம்பித்தான். சனிக்கிழமை காலை ஆயாம்மா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார். திங்கட்கிழமை மேஸ்திரி, இன்னொரு நாள் இப்படி ஆனால் வர வேண்டியதில்லை என்றார்.

அன்று மாலை எனக்குத் தோன்றியதுதான் அந்த யோசனை. வயிற்றுக்குள் போனால்தானே வெளியே வரும்? கூழை நிறுத்தினேன், பசும்பாலை நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதையும் நிறுத்தினேன். அழுதபோது விரலை வெந்நீரில் நனைத்துச் சப்பக் கொடுத்தேன். மறுநாள் காலையில் துணி கொஞ்சம் ஈரமாக இருந்தது, நாற்றம் இல்லை. "பரவால்லையே ஊமைச்சி, ஒம் மகன் தேறிட்டான்" என்று ஆயாம்மா வாங்கிக்கொண்டார். பால் கொடுக்கவிடும் நேரத்தில் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலை அவனுக்குக் கொடுப்பது போல் பாவனை செய்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றினேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் துணி காய்ந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவன் அழவும் இல்லை.

மிஷினுக்குப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மிஷின்களுக்கு நடுவே ஆயாம்மா வந்துகொண்டிருந்தார். ஆயாக்கள் அங்கே வரக் கூடாது. சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுக்கு வெளியே இழுத்துப்போனார்.

"புள்ள ஒண்ணுக்கே போகலத்தா. கண்ணு குழிஞ்சு கெடக்கு. என்ன குடுத்த?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"ஒண்ணும் குடுக்கலக்கா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தொட்டில் ரூமுக்கு இழுத்துப்போனார். கொதித்து ஆறிய தண்ணீரில் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கினார். தன் நாக்கில் விட்டுப் பார்த்த பிறகு, பால் புகட்டும் பாலாடையில் எடுத்து, அவன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். முதலில் அவ்வளவும் வெளியே வழிந்தது. "பன்னெண்டு மணிச் சங்குக்குள்ள துணி நனையலன்னா தூக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. டிக்கெட்டு போனாப் போகுது" என்றார். அப்போதும், போனால் என்ன செய்வது என்று நான் டிக்கெட்டைத்தான் நினைத்தேன். பெற்றவள் அப்படி நினைப்பாளா என்று படிப்பவர்கள் கேட்கலாம். நினைத்தேன்.

மிஷினுக்கும் தொட்டில் ரூமுக்குமாக எத்தனை முறை ஓடினேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர் தலையை அசைப்பார், அவன் துணிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன், காய்ந்திருக்கும். நேற்றுவரை எது காய்ந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டேனோ, அது நனைய வேண்டும் என்று அன்று கும்பிட்டேன். சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆயாம்மா வாசலுக்கு வந்து, முழங்கால் பக்கம் நனைந்திருந்த தன் சேலையைத் தூக்கிக் காட்டினார்.

"பேஞ்சுட்டான்" என்றார்.

அதன் பிறகும் ஒரு வாரத்துக்குமேல் அவனுக்கு வயிறு சரியாகவில்லை. சட்டப்படி அவனை உள்ளே விட்டிருக்கக் கூடாது. ஆயாம்மா விட்டார். மற்றப் பிள்ளைகளோடு சேர்க்காமல் பின்பக்கம் தனித் தூளி கட்டினார். அவன் துணிகளைத் தனி வாளியில் வெந்நீர் ஊற்றி அலசினார், ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பசும்பால் போக, பச்சரிசியைக் குழைய வேகவைத்து வடிகட்டிய கஞ்சி இரண்டு கரண்டி. நான்கு நாளைக்கு அது மட்டும். துணியைப் பார்த்த பிறகுதான் பருப்புத் தண்ணீர். அதற்கும் நான்கு நாள். எனக்குப் பொறுக்காது, கூடக் கொஞ்சம் கொடுக்கட்டுமா என்பேன்.

"அவன் வயிறு இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கு தாயி, ஒன்னய மாதிரி. மொத நாளே நாலு மிஷினக் குடுத்தா என்ன செய்யும்?"

ஒருநாள் தொட்டில் ரூமை மேற்பார்க்கும் நர்சம்மா பின்பக்கம் வந்து அந்த வாளியைப் பார்த்துவிட்டார். பச்சை நூல் யாருடையது என்று கேட்டார். பால் கொடுக்க வந்த ஐந்தாறு பேர் நின்றோம். எல்லோருக்கும் தெரியும். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாந்தான் சேத்தேன்மா. பெத்தவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஆயாம்மா. மறுநாள் தொட்டில் ரூமில் வேறு ஆயா. அவரைக் கழிவுப் பஞ்சு கூட்டும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். பஞ்சுத்தூசியில் நாள் முழுவதும் இருமல் கேட்கும் இடம் அது.

என் டிக்கெட் தப்பியது. இரண்டு மாதம் அந்தக் கொட்டகை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ஒருநாள் குழாயடியில் எதிரே வந்துவிட்டார். புருவம், தலைமயிர் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"இப்பக் கெட்டியாப் போறானா?"

தலையை மட்டும் ஆட்டினேன். இருமிக்கொண்டே சிரித்துவிட்டுப் போனார். அந்த வருடமே வேலையை விட்டு நின்றுவிட்டார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த மகன் இப்போது காளவாசலில் கடை வைத்திருக்கிறான். அவன் மகளுக்கு ஆறு மாதம், போன வாரம்தான் கஞ்சி ஆரம்பித்திருக்கிறார்கள். அவளுக்கு டயப்பர். நனைந்ததா இல்லையா என்று வெளியே தெரியாது. காலையில் ஒரு மணி நேரமாவது துணி கட்டுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓரத்தில் பச்சை நூல் போட்டேன். அழகுக்கு என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். இன்று என் மடியில் கிடந்தபடி பேத்தி நனைத்துவிட்டாள். "அத்தை, குடுங்க, மாத்திட்டு வாரேன்" என்று மருமகள் கை நீட்டினாள். சூடு ஆறும்வரை இருக்கட்டும் என்றேன்.