அக்கா மறுத்த ஒரு தேத்தண்ணி

தலைக்கவசத்தைக் கழற்றி ஸ்கூட்டியின் கண்ணாடியில் கொழுவிவிட்டு, படலையைத் திறக்குமுன் அக்கா ஒரு கணம் நிற்பார். லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கு எந்தக் கொம்பன் வீட்டிலை தந்தாலும் சீனித் தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்பார். படலை திறக்கும். "வாங்கோ மிஸ், இருங்கோ மிஸ்" என்று கதிரை இழுபடும், அடுப்படியில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது அவருடைய மேலுதட்டில் பால்தேத்தண்ணியின் ஆடை ஒட்டியிருக்கும். நான் பார்ப்பதைக் கண்டால், "நாளையிலை இருந்து" என்பார். அந்த நாளை வருவதற்காக நானும் அவரோடு சேர்ந்து பல வருடங்கள் காத்திருந்தேன்.

அக்கா என்று சொன்னாலும் எங்களுக்குள் இரத்த உறவு இல்லை. இருவரும் குடும்பநல உத்தியோகத்தர்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. நான் புதிதாகச் சேர்ந்தபோது தொழில் பழக என்னை அவரோடு விட்டார்கள். பிறகு எனக்கு அடுத்த பிரிவு கிடைத்தும் பழக்கம் விடவில்லை. பெண்களைத் தராசில் ஏற்றி, சீனியைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், பின்னேரத்தில் நடவுங்கள் என்று சொல்வது எங்கள் கடமை. சொல்கிற எங்களைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரும். ஸ்கூட்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினால் ரயர் பாதி தரையில் படிந்துவிடும். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று ஒரு மாமியார் எங்கள் காதுபடவே சொன்னார். அக்கா கோபிக்கவில்லை. "சொல்லுறதை எழுதி வையுங்கோ, என்னைப் பாக்காதேங்கோ" என்று விட்டுவிட்டார்.

அவருக்குச் சலரோகம். பேரைச் சொல்லி அழைத்தால் கிட்ட வந்துவிடும் என்பதுபோல் அதைச் 'சீனி வருத்தம்' என்றுதான் சொல்வார். உடம்பைக் குறைக்கிற சபதம் எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டவேண்டிய காரியம். பொங்கல் முடியட்டும் என்பார். பிறகு சித்திரை வருஷப்பிறப்புப் பலகாரம் முடியட்டும், கோயில் கொடியேற்றம் முடியட்டும், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனம் திரும்பிப் போகட்டும். எல்லாம் முடிந்தால் செத்த ஆரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு வந்துவிடும். குரக்கன் புட்டு நல்லது என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அரிசிமாப் புட்டில் தின்றதைவிட இரண்டு மடங்கு குரக்கன் புட்டைத் தின்பார். பனங்கட்டி இயற்கையானது, அது உடம்பை ஒன்றும் செய்யாது என்று வாதாடுவார். நர்ஸ்மாருக்குப் பாடம் எடுக்கக்கூடிய மனுஷி அவர். தெரிந்துகொண்டே பேசுவார் என்பதால்தான் எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஒரு தை மாதத்தில் அவருடைய பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. இப்படியே போனால் கால் போகும் என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் முதல்தடவை அக்கா பயந்து பார்த்தேன். அதன்பிறகு அவர் உண்மையாகவே மாறினார். விடியப்புறத்தில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தார். வீடுகளில் தேத்தண்ணி நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். மாசி முடிவதற்குள் சட்டை தளர்ந்தது, புண்ணும் காயத் தொடங்கியது. "பாத்தியே, மனம் வைச்சால் எல்லாம் நடக்கும்" என்று இடுப்புப் பக்கத்தைப் பிடித்துக் காட்டினார். எனக்கு என் சொந்த உடம்பு குறைந்ததுபோல் சந்தோஷம்.

அவருடைய பிரிவில், ஒரு ஒழுங்கையின் முடிவில் சில வீடுகள் இருந்தன. எங்கள் ஆட்கள் அங்கே வேலைக்கு ஆள் கூப்பிடப் போவார்கள், வருவார்கள். ஆனால் வாய் நனைக்கமாட்டார்கள். 'இப்பதான் குடிச்சிட்டு வாறன்', 'இண்டைக்கு விரதம்', 'வயித்துக்குச் சரியில்லை' என்று ஒரு சாட்டு எப்போதும் ஆயத்தமாக இருக்கும். சாதி என்ற சொல்லை எடுக்காமலே சாதி பார்க்கிற வித்தை எங்களுக்கு நன்றாகக் கைவந்தது. அக்கா அப்படியானவர் அல்ல. அந்த வீடுகளில் சோறே சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அவரை அறியாத ஒரு குடும்பம் அந்த மாதம்தான் அங்கே குடிவந்திருந்தது. ஒரு தாயும், முதல் பிள்ளையைச் சுமந்த மகளும். மகளுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறியிருந்தது. தாய் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்தார். "வேண்டாம் அம்மா, எனக்குச் சீனி வருத்தம்" என்றார் அக்கா. தாய் கிளாசைத் திருப்பிக் கொண்டுபோனார்.

அந்தப் பெண் அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அக்கா போய்ப் பார்த்தால் படலை கட்டியிருந்தது, உள்ளே ஆள் அரவம் கேட்டது. இரண்டாம் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் கூப்பிட்ட பிறகு தாய் வந்து, படலையைத் திறக்காமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே கதைத்தார்.

"நீங்கள் எங்கடை வீட்டிலை வாய் நனைக்கமாட்டியள் எண்டு எங்களுக்குத் தெரியும் மிஸ். பிறகேன் வீண் அலைச்சல்? என்ரை பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுவன்."

மகளின் பிரஷர் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார். "எனக்குத் தண்ணி விடாய்க்குது அம்மா. ஒரு தேத்தண்ணி தாறியளோ?" என்றார். தாய் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படலையை அவிழ்த்தார். தேத்தண்ணி வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கிளாசை நீட்டினார். போட்டுக் கொடுத்ததைக் கடைசித் துளிவரை குடித்தார். அன்றைக்கே மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒப்பரேசன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். மகளும் குழந்தையும் தப்பினார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில், "மற்ற வீடுகளிலை எண்டாலும் விடுங்கோ அக்கா" என்றேன். "அங்கை குடிச்சிட்டு எங்களிட்டை ஏன் குடிக்கேல்லை எண்டு மற்ற வீட்டுக்காரர் கேப்பினம். மற்ற வீட்டிலை விட்டால் அந்தத் தாய்க்கும் கேக்கும், இண்டைக்குக் குடிச்சது நடிப்பு எண்டு நினைப்பா. ஒழுங்கை எல்லாத்துக்கும் காது இருக்குப் பிள்ளை" என்றார். மறுநாளிலிருந்து எல்லா வீட்டிலும் பழையபடி குடித்தார். இரக்கத்தால் மட்டும் குடித்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். நாக்கும் அதற்குத் துணை நின்றது. விடியப்புற நடையும் அதோடு நின்றது, அவர் பிறகு தொடங்கவேயில்லை.

இப்போது அவருடைய அன்றைய வயது எனக்கு. சீனி கூட, கொழுப்புக் கூட, நிறையைக் குறைக்கவேண்டும் என்று எனக்கும் சொல்லியாயிற்று. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய நடைச் சப்பாத்து பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. காலம் மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு சீனி வருத்தக் குளிசைப் பெட்டி இருக்கிறது. "சீனி போடலாமோ மிஸ்?" என்று அவர்களே கேட்கிறார்கள். மறுத்தால் எவரும் குறை நினைக்கமாட்டார்கள். அப்படியிருந்தும், போடுங்கோ என்றுதான் என் வாயில் வருகிறது. அக்காவுக்காவது ஒரு காரணம் இருந்தது. எனக்கு வெறும் களைப்பு. என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஓய்வுபெற்றுச் சில மாதங்களில் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் அந்த வருடத்துக்கு மேல் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவரோடு நான் இருந்த ஒரு பின்னேரம், அந்தத் தாய் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியோடு வந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொல்லிக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்தவர், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கண்டு நின்றுவிட்டார்.

"அப்ப, முதன்முதல் வந்தண்டைக்குச் சீனி வருத்தம் எண்டு சொன்னது உண்மைதானோ மிஸ்?"

"ஓம்" என்றார் அக்கா.

தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "நான் பொய் சொல்லமாட்டன் மிஸ். அண்டைக்கு நீங்கள் கேட்டு வாங்கிக் குடியாமல் போயிருந்தால், என்ரை பிள்ளையை நான் ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கமாட்டன்."

"எனக்குத் தெரியும் அம்மா" என்றார் அக்கா. "அதுதான் குடிச்சனான்."

தாய் தேத்தண்ணிப் போத்தலைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனார்.