கையால் பேசக் கூடாதாம்

காது கேளாதவர்களுக்கு முகாம் நடத்துகிறார்கள். ஆளைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? எனக்கும் கேட்காது, மடியில் இருந்த என் இரண்டு வயது மகளுக்கும் கேட்காது. ஜமுனாமரத்தூரில் முதல் பஸ் பிடித்துப் போளூர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். துணைக்கு வந்த நாத்தனார் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எங்களை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவள் வந்து சண்டை போட்ட பிறகு கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனைப் பற்றி நாத்தனாரிடமே பேசினார். அவள் எனக்குக் கையால் சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைப்பேச்சு தெரியும். சாமை, புளி, பஸ், மாமியாரின் கோபம், எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு உண்டு. கடைசியாக ஒன்று சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் யாரும் குழந்தையிடம் கையால் பேசக் கூடாதாம், பேசினால் வாய்ப்பேச்சு வராதாம். அதையும் அவள் எனக்குக் கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் படித்த பள்ளியில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்காரச் சொல்வார்கள். வெளியே எடுத்தால் ஸ்கேல் அடி. பத்து வருடம் அப்படி உட்கார்ந்து என் வாயில் வந்தது அம்மா, அப்பா, பால். அதைக் கேட்டவர்களும் சிரித்தார்கள்.

எங்கள் ஆட்கள் மேலும் எனக்குக் கோபம்தான். வேலூரில் இருக்கும் காது கேளாத தோழிகள் வீடியோ காலில் வந்து, இது குறையே இல்லை, நமக்கென்று ஒரு மொழி இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் துரோகம் என்கிறார்கள். மொழி இருப்பது எனக்குத் தெரியாதா? மலைப்பாதை வளைவில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனுக்கு என் மகள் விலக வேண்டாமா? அவர்களுக்கென்ன, தெருவிளக்குள்ள ஊரில் இருக்கிறார்கள்.

ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன்: "அப்போ எம் பொண்ணுகிட்ட நான் எப்படிப் பேசறதுங்க?" படித்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தே பதில் சொன்னார். இரண்டு மூன்று வருடம் குழந்தையை அவளே வைத்து வளர்க்கட்டுமாம். எனக்குக் கையால் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். அவள் வாயசைவு எனக்கு அத்துப்படி.

"பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ நான் இன்னாத்துக்குங்க வளக்கணும்?"

ஒப்புதல் படிவத்தை இழுத்தேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சைகை பயன்படுத்த மாட்டோம் என்று கீழே இருந்த வரியைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்தேன். டாக்டர் எழுந்து நின்று, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, ஏதோ கத்தினார்.

கத்தட்டும். எனக்குத்தான் காது கேட்காதே.